வயிற்றைச் சுருக்கிய பிறகு காபி: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்புகிறவர்கள் போனில் என்னிடம் தையல், மாத்திரை, கஞ்சி எல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப்போகும்போது குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "சரி, காபி எப்பக் குடிக்கலாம்?" டயட்டீஷியன் கொடுத்த தாளில் "காஃபீன் தவிர்க்கவும்" என்று ஒரு வரி இருக்கும். எதுவரை, எதற்காக, சிக்கரி கலந்தால் பரவாயில்லையா, கருப்பட்டி போட்டால் ஆகுமா, ஆச்சி வீட்டில் டம்ளரை நீட்டினால் என்ன சொல்லித் தப்பிப்பது, இதெல்லாம் அதில் இருக்காது.

எனக்கு நடந்தது கேஸ்ட்ரிக் பைபாஸ். ஊர் காரைக்குடி, ஆபரேஷன் மதுரையில். நான்கு வருஷம் ஆகிறது. அடுத்த வருஷமே என் அண்ணிக்கு ஸ்லீவ். இரண்டு வயிறும் ஒரே காபியை எப்படி வெவ்வேறாக எடுத்துக்கொள்கின்றன என்று ஒரே அடுப்படியில் நின்று பார்த்தவள் என்பதுதான் இதை எழுத எனக்கிருக்கும் தகுதி. நான் டாக்டர் இல்லை. உங்கள் சர்ஜன் சொன்ன நாள்கணக்கும் என் கணக்கும் முட்டிக்கொண்டால் அவர் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "பைபாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டால் நம் ஊரில் இதயம் என்று நினைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்துவிடுவார்கள். "வயித்து பைபாஸ்" என்றே சொல்லிப் பழகுங்கள். அந்த ஹார்லிக்ஸில் இருக்கிற சீனியும் இப்போது உங்களுக்கு ஆகாது.

உங்களுக்கு நடந்தது எது?

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை விட்டுவைப்பார்கள். குழாய் ஒடுக்கமானது, உள்ளே அழுத்தம் கூடுதல். அதனால் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் சுலபமாக வரும். காபி அமிலச் சுரப்பைத் தூண்டக்கூடியது. உணவுக்குழாயின் அடியில் வாய் மூடிப் பிடிக்கிற தசையையும் கொஞ்சம் தளர்த்தும். அண்ணிக்குக் காபி காட்டிய கோபம் முழுக்க நெஞ்சில்தான்.

பைபாஸில் மேலே ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைப் பிரித்து, நேராகச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். அந்த இணைப்பில் புண் வரலாம். சிகரெட்டும், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகளும் அதற்குப் பெரிய காரணங்கள். காபியை அந்த வரிசையில் நிறுத்த முடியாது. இருந்தாலும் ஆறிக்கொண்டிருக்கும் இடத்தில் ஊற்றிப் பார்க்க வேண்டிய பொருள் அல்ல அது. இதைவிட எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானது சீனி. இனிப்பான காபி பையில் தங்காமல் நேரே குடலில் இறங்கிவிடும். அதன் பலனைத் தேவகோட்டையில் நான் அனுபவித்த கதை பின்னால் வருகிறது.

ஆபரேஷன் தேதி குறித்த உடனே

காபி விஷயத்தில் முதல் படி ஆபரேஷனுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. எனக்கு யாரும் சொல்லவில்லை. நாளைக்கு ஐந்து டம்ளர் குடித்துக்கொண்டிருந்தவள், முந்தின நாள் வரை குடித்தேன். ஆபரேஷன் முடிந்த மறுநாள் மண்டை பிளந்தது. மயக்க மருந்தால் என்று நினைத்தேன், ரவுண்ட்ஸ் வந்த நர்ஸ்தான், "நீங்க காபி நிறையக் குடிப்பீங்களா?" என்று கேட்டார். காபியைத் திடீரென நிறுத்தினால் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கும். இரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் வரைகூட இழுக்கும். வழக்கமாகப் போடும் வலி மாத்திரையையும் அந்த நேரத்தில் போட முடியாது.

ஆகவே தேதிக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். மூன்று நான்கு நாளைக்கு ஒரு டம்ளர் என்று குறைத்து வாருங்கள். பகல் பதினோரு மணிக் காபி முதலில் போகட்டும், அதுதான் லேசாக விடக்கூடியது. விடிகாலைக் காபியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணி இப்படிச் செய்துதான் போனார். அவருக்குத் தலைவலியே வரவில்லை.

முதல் மாதம்: மூடிக் கணக்கு

காபிக்கு நான்கு வாரம் பொறுக்கச் சொல்வார்கள் சில இடங்களில். ஆறு, எட்டு என்பவர்களும் உண்டு. மூன்று மாதம் என்று கறாராக இருப்பவர்களும் உண்டு. எனக்கு ஆறு வாரம். அதுவரை துளிகூட வேண்டாம்.

ஏன் என்பதற்கு எனக்குப் புரிந்த விளக்கம் அமிலம், புண் எல்லாவற்றையும்விட ஒரு சாதாரணக் கணக்குதான். மருந்து பாட்டில் மூடி போல 30 மில்லி அளவு மூடி ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு மூடி, அதையும் மடக்கென்று ஊற்றாமல் நனைத்து நனைத்துக் குடிக்க வேண்டும். அப்படியென்றால் மணிக்கு 120 மில்லி. விழித்திருக்கிற 14 மணி நேரத்துக்கு 1,680 மில்லி. உடம்புக்கு அப்போது வேண்டியது ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர். நாள் முழுக்க ஒழுங்காக உறிஞ்சினால்தான் எல்லைக்கோட்டைத் தொடவே முடியும். இதில் 150 மில்லி டம்ளர் காபியை நுழைத்தால் ஒன்றேகால் மணி நேரத்துத் தண்ணீர் காலி. புரதத்துக்கு வேறு நாளைக்கு 60 கிராமாவது இடம் விட வேண்டும். ஆபரேஷன் ஆனவர்கள் திரும்ப ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு நீர் வற்றிப்போவது முக்கியமான காரணம், அதிலும் சித்திரை வெயிலில் நம் ஊரைச் சொல்லவே வேண்டாம்.

மூடி தொலைந்துவிட்டால் வீட்டில் பாலாடை இருக்கும், எடுத்துக் கழுவுங்கள். ஊசி மருந்துச் சிரிஞ்சால் ஒரு தடவை அளந்துகொண்டால் போதும். எங்கள் வீட்டு வெள்ளிப் பாலாடை 25 மில்லி கொண்டது. "நாப்பத்தி மூணு வயசுல பாலாடையாக்கும்!" என்று மாமியார் சிரித்தார். சிரித்துவிட்டு அவரேதான் மணி பார்த்து மணி பார்த்து நீட்டினார்.

நாக்குக்குக் காபி ஞாபகம் வரும்போது சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட தண்ணீர் பெரிய துணை. பெயரில் மட்டும்தான் அது சுக்குமல்லிக் காபி, காஃபீன் கிடையாது. கருப்பட்டி போடாமல், வெதுவெதுப்பாக. பால் ஒத்துக்கொள்ளத் தொடங்கியதும் வெறும் சிக்கரித் தூளில் டிக்காஷன் இறக்கிப் பார்க்கலாம். சிக்கரியிலும் காஃபீன் துளி இல்லை, நிறமும் கசப்பும் ஏமாற்றும் அளவுக்கு இருக்கும். அதில் இருக்கும் இனுலின் என்ற நார்ப்பொருள் சிலருக்கு வயிற்றை உப்பவைக்கும், எனவே இரண்டு மூடிக்கு மேல் போகாதீர்கள். டீகாஃப், அதாவது காஃபீன் நீக்கிய காபி, கிடைத்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடிக்கலாம். அதிலும் கொஞ்சம் காஃபீன் மிச்சம் இருக்கும், அமிலத்தைத் தூண்டுவதும் முழுதாகப் போய்விடாது.

முதல் காபி குடிக்கும் நாள்

சர்ஜன் தலையாட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வெளியே எங்கும் போகாத நாளாகப் பாருங்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம். காலைப் பலகாரம் முடித்து ஒன்றரை மணி நேரம் போகட்டும், பத்து மணி சுமார்.

ஃபில்டரில் முதல் டிக்காஷன் இறங்கியதும் அதை வீட்டில் உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள். அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிக்காஷன் இருக்கிறதே, எவ்வளவு காலம் அதை மட்டமாக நினைத்திருந்தோம், அதுதான் இப்போது உங்களுக்கு. அதில் இரண்டு தேக்கரண்டி, காய்ச்சிய பால் 50 மில்லி. சீனி இல்லை. உயரத் தூக்கி ஆற்றாதீர்கள். நுரை என்பது காற்று. அதை விழுங்கினால் நெஞ்சுக்கு நடுவில் கல் வைத்த மாதிரி இருக்கும். டபராவில் ஊற்றி அப்படியே வையுங்கள், நுரை தானாக அடங்கட்டும். சூடு பார்க்க ஒரு வழி: டம்ளரின் நடுவயிற்றை வெறுங்கையால் பிடித்துப் பத்து எண்ண முடிய வேண்டும்.

இனி ஒரு வாய். டம்ளரைக் கீழே வைத்துவிடுங்கள். கையில் பிடித்திருந்தால் கை தானாக வாய்க்குப் போகும், இருபது வருஷப் பழக்கம். இரண்டு நிமிடம் கழித்து அடுத்த வாய். 60 மில்லிக்கு இருபது நிமிடமாவது ஆக வேண்டும். அந்த முதல் வாய் எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. கண் கலங்கியது மட்டும் உண்மை.

குடித்து முடித்து அரை மணி நேரம் வேறு எதுவும் வேண்டாம், உடம்பைக் கவனியுங்கள். எரிச்சல், புளித்த ஏப்பம், படபடப்பு, வயிற்றில் கடமுடா. ஒன்றும் இல்லையா? நல்லது. அன்றைக்கு இரண்டாவது கிடையாது. முதல் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், இரண்டாவது வாரத்திலிருந்து தினம், அப்புறம் மெதுவாக 100 மில்லி. நான் 100-இல் நின்றுவிட்டேன். காலையில் ஒன்று, சாயங்காலம் நான்கு மணிக்கு முன் அரை. அதற்கு மேல் தள்ளினால் தூக்கம் போகிறது. அண்ணிக்கு மூன்றாவது நாளே எரிச்சல் வந்தது. டாக்டரிடம் கேட்டு, மூன்று மாதம் வரை தள்ளிப்போட்டு, மறுபடி இதே படிகளில் தொடங்கினார். இப்போது பிரச்சினை இல்லை.

தூள், பால், சீனி

கண் எதிரே அரைத்துக் கொடுக்கும் கடைகளில் "எத்தனைக்கு எத்தனை?" என்று கேட்பார்கள். 80-க்கு 20, 70-க்கு 30, 60-க்கு 40. காபி பங்கு 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி, அதாவது சிக்கரி 49 வரை போகலாம். சிக்கரி கலந்தால் கலப்படம் போல முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். இப்போது 60-க்கு 40 வாங்குகிறேன், அதே அளவு தூளில் காஃபீன் குறைவு. கொட்டை எது என்றும் கேளுங்கள். ரோபஸ்டாவில் அரபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன். பீபெரி என்பது கொட்டையின் உருவம்தான், அதற்காகக் காஃபீன் குறைந்துவிடாது.

கெட்டியான கள்ளிச்சொட்டுப் பால் காபியை ஒரு வருஷத்துக்கு மறந்துவிடுங்கள். ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் 6 சதவீதக் கொழுப்பு, நீலம் 3. நீலம் போதும். பைபாஸ் ஆனவர்களில் சிலருக்குப் பாலே திடீரென ஒத்துக்கொள்ளாமல் போகும், குடித்த ஒரு மணி நேரத்தில் உப்புசமோ வயிற்றுப்போக்கோ. அப்போது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையை நீக்கிய பால், இல்லையென்றால் இனிப்பில்லாத சோயா பால்.

புரதப் பொடியைக் காபியில் கலக்கலாம் என்று சொல்வார்கள், நல்ல யோசனை. ஆனால் கொதிக்கும் காபியில் தூவினால் பாலிலிருந்து எடுக்கும் வே (whey) புரதம் திரிதிரியாகத் திரண்டுவிடும். நான் முதல் தடவை செய்தது பார்க்க முட்டை உடைத்து ஊற்றிய ரசம் போல இருந்தது. ஆறிய பால் 50 மில்லியில் பொடியைக் கட்டி இல்லாமல் கரைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான டிக்காஷனைக் கடைசியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அதெல்லாம் தொந்தரவு என்றால் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, ஏறக்குறைய இரண்டரை, மூன்று கிராம் புரதம் கூடும்.

சீனிக்கு வருவோம். "சீனிதானே ஆகாது, கருப்பட்டி போட்டுத் தரேன்" என்ற அன்பை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நீங்கள் சந்திப்பீர்கள். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன், பனங்கற்கண்டு எல்லாமே உங்கள் குடலுக்குச் சீனிதான். கருப்பட்டியின் மணம் எனக்கும் உயிர். ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான், குடலில் இறங்கும் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இனிப்பு இல்லாமல் முடியவே முடியாது என்றால் ஸ்டீவியாவோ சுக்ரலோஸோ ஒரு சொட்டு. சார்பிட்டால், மால்டிட்டால் என்று அட்டையில் போட்டிருப்பவற்றைத் தொடாதீர்கள், காற்றும் பேதியும் நிச்சயம். எனக்கு உதவியது வேறு. பாலைச் சிறுதீயில் கொஞ்சம் நேரம் கூடுதலாகக் காய்ச்சினால் அதற்கே ஓர் இனிப்பு வருகிறது. நாக்கு அதைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது.

இட்லியும் காபியும் இனி ஜோடி இல்லை

சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் அரை மணி பின்னும் எந்தத் திரவமும் கூடாது என்பது காபிக்கும் பொருந்தும். பலகாரத்தோடு காபி என்று வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம்தான். இதற்கு நேர் எதிரான தப்பு ஒன்றும் உண்டு: காபி பசியை மந்தப்படுத்துவதால் காலைப் பலகாரத்தையே விட்டுவிடுவது. புரதம் குறைந்துபோகும். எடை மளமளவென்று இறங்கும் மூன்றாம், நான்காம் மாதத்தில் பலருக்கும் முடி கொட்டும். புரதமும் குறைந்தால் சீப்பைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு போட்டால் அது உடம்பில் சேருவது குறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இடையிலும் அதே இரண்டு மணி நேரம். நான் காலைக் காபி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம், படுக்கும்முன் இரும்பு என்று பிரித்துக்கொண்டேன். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் அதை வெறும் தண்ணீரில் விழுங்கி, ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் காபி பக்கம் போக வேண்டும்.

ஊர் வீடுகளில்

இதுவரை சொன்னதெல்லாம் சுலபம். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், உட்காரவைத்து, "ஏத்தா, ஒரு வாய் குடிச்சாத்தான் என்ன? உனக்குன்னு பாத்துப் பாத்துப் போட்டிருக்கேன்" என்று ஓர் ஆச்சி டம்ளரை நீட்டும்போதுதான் சோதனை.

ஒன்பதாவது வாரம், தேவகோட்டையில் ஓர் அறுபதாம் கல்யாணம். வெள்ளைப் பணியாரம் ஒன்றே ஒன்று, பொறுமையாக மென்று சாப்பிட்டேன், அதில் பெருமை வேறு. பின்னாலேயே பந்திக் காபி வந்தது. அண்டாவில் சீனி போட்டே கலந்தது, நல்ல சூடு, நல்ல இனிப்பு. பேச்சுச் சுவாரசியத்தில் முழு டம்ளரும் போய்விட்டது. பத்து நிமிடம் இருக்கும். காதுமடல் சூடானது, பட்டுப்புடவை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்தது, நெஞ்சு தறி அடிப்பது போல அடித்தது, வயிறு சுருட்டிப் பிடித்தது. முகப்புத் திண்ணையில் தூணை ஒட்டிப் படுத்தவள் எழ முக்கால் மணி நேரம் ஆனது. யாரோ சோடா வாங்கி வர ஓடினார்கள்; நல்லவேளை, அண்ணி தடுத்தார், சோடா எங்களுக்கு ஆகவே ஆகாது.

இதற்கு டம்பிங் என்று பெயர். வந்தால் படுத்துவிடுங்கள், தானாக அடங்கும். குடித்து ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுக்கமும் குளிர் வியர்வையும் வந்தால் அது வேறு வகை, ரத்தச் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். அந்த நேரத்தில் என்ன சாப்பிடுவது என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டைக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட உத்திகள் சில. "வேண்டாம்" என்ற சொல் நம் பக்கம் செல்லாது. உள்ளே நுழைந்ததும், காபி கலக்கும் முன்னாலேயே, "ஆச்சி, எனக்கு அரை டம்ளர், சீனி போடாம, ஆறினது" என்று நீங்களே கேட்டுவிடுங்கள். கேட்டு வாங்கிக் குடிக்கிறாள் என்றால் ஆச்சிக்குச் சந்தோஷம், உங்களுக்கும் பிழைப்பு. கல்யாண வீட்டில் அண்டாக் காபி வேண்டாம், சமையல்கட்டில் சீனி போடாத பால் தனியாக இருக்கும். கையில் ஏதாவது ஒரு டம்ளரை வைத்துக்கொண்டே இருங்கள், வெந்நீராக இருந்தாலும் சரி. கை நிறைந்திருப்பவருக்கு யாரும் ஊற்றுவதில்லை. ஆபரேஷன் விவரத்தை விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். "டாக்டர் சொல்லியிருக்கார்" போதும். விளக்கினால் எதிரே இருப்பவரின் அத்தை பெண்ணின் பித்தப்பை வரை கேட்டுவிட்டுத்தான் எழ முடியும்.

காபியை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டியது எப்போது?

மேல்வயிற்றில் விடாத வலி, ரத்த வாந்தி, தார் போலக் கருத்த மலம். இரும்பு மாத்திரையாலும் மலம் கருக்கும். ஆனால் பிசுபிசுப்பும் கடும் நாற்றமும் இருந்தால் மாத்திரை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். தண்ணீர்கூடத் தங்காமல் ஒரு நாள் முழுக்க வாந்தி என்றால் உடனே போக வேண்டும். நீர் வற்றுவதோடு, வாந்தி நாள்கணக்கில் நீடித்தால் பி1 வைட்டமின் குறைந்து நரம்பு வரை பாதிக்கும். முதல் வாரங்களில் காய்ச்சலோடு நெஞ்சு படபடவென்று அடித்தால் அதைக் காபியின் மேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஒரு வருஷம் தாண்டிய பிறகு

வயிறு இளகிவிடும். முழு டம்ளர் ஒரு தொந்தரவும் இல்லாமல் இறங்கும். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய காலம் எனக்குத் தெரிந்து அதுதான். திடமான சாப்பாட்டை நிறுத்துகிற வயிறு திரவத்தை நிறுத்தாது. ஐஸ்கிரீம் மிதக்கும் கோல்டு காபி வழவழவென்று உள்ளே போய்விடும், எடை இயந்திரம்தான் பிறகு சொல்லும். எனக்கு இரண்டாம் வருஷத்தில் மூன்று கிலோ ஏறியது. கணக்குப் பார்த்தபோது சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. ஆபீசில் சாயங்காலக் காபிக்குச் சீனி திரும்பி வந்திருந்தது, அரைக் கரண்டியாக ஆரம்பித்து ஒன்றரையாக.

அப்போதுதான் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். பழைய சாமான் கடைகளில் பீங்கான் பூசிய ஏனமும் ஜாடியும் குவிந்து கிடக்கும் தெரு. ஒரு குவியலின் அடியில் நீல விளிம்பு வைத்த எனாமல் கோப்பை, ஓர் ஓரத்தில் சில்லு பெயர்ந்தது. கடைக்காரர் பழைய பர்மா சரக்கு என்றார், அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார். வீட்டுக்கு வந்து சிரிஞ்சால் அளந்தேன். விளிம்பு வரை ஊற்றினால் 90 மில்லி. கைப்பையில் ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் அதை எடுத்து நீட்டுவேன். முதலில் சிரித்தார்கள். இப்போது எதிர்வீட்டு ஆச்சி டபராவை எடுக்கும் முன் என் பையைத்தான் பார்க்கிறார்.